நீலகிரியிலிருந்து கற்றைக்கூடம் வரை: நியூட்ரான் மிகுந்த இலேசான அணுக்கருக்களின் குறுக்குவெட்டை அளக்கப் புதிதாகச் செல்வோருக்கு

உதகையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே பகுதிநேர ஆய்வு செய்து வரும் எனக்கு, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஜி.எஸ்.ஐ. முடுக்கிக்கூடத்தில் ஒரு கூட்டுக்குழுவுடன் சேர்ந்து அளவீடு செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. அணுக்கருக்கள் பாயும் கற்றை எங்கள் கையில் இருந்தது ஒரு வாரத்துக்கும் குறைவான காலம்தான். அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டில் நான் தாள்களிலும் கருவிகளிலும் செய்த தவறுகளில் பெரும்பாலானவை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. சமவெளியில் இருப்பவர்கள் எழுதிய குறிப்புகளில் மலைவாசிகளுக்கு மட்டும் வரும் சிக்கல்கள் இருப்பதில்லை என்பதால், அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எந்தக் குறுக்குவெட்டு என்பதை முதலில் எழுதி வையுங்கள்

குறுக்குவெட்டு என்பது, இலக்கில் மோதவிடும் அணுக்கரு அதில் வினைபுரியும் வாய்ப்பை ஒரு பரப்பாகச் சொல்வது. அதை அளக்க நாம் எண்ணுவது வினையில் சிக்கிய அணுக்கருக்களை அல்ல, சிக்காமல் அப்படியே வெளியே வந்தவற்றை. உள்ளே போனது இத்தனை, மாறாமல் வந்தது இத்தனை, ஆகவே காணாமற்போனது இத்தனை என்பதே முழுக் கணக்கு. வினையைத் தவிர வேறு எந்தக் காரணத்தால் ஓர் அணுக்கரு காணாமற்போனாலும் அதுவும் வினையாகவே கணக்கில் ஏறிவிடும். கீழே சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பாதி இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தவை.

காணாமற்போனது என்பதற்கு மூன்று பொருள்கள் உண்டு. புரோட்டான் அல்லது நியூட்ரான் எண்ணிக்கை மாறிவிட்டதைக் கணக்கிட்டால் அது இடைவினைக் குறுக்குவெட்டு. அணுக்கரு உடையாமல் கிளர்ச்சியுற்று மட்டும் வந்ததையும் சேர்த்தால் வினைக் குறுக்குவெட்டு. புரோட்டான் எண்ணிக்கை மாறியதை மட்டும் பார்த்தால் மின்னூட்டம் மாறும் குறுக்குவெட்டு. லித்தியம்-11 தன் இரு வெளி நியூட்ரான்களை இழந்து லித்தியம்-9 ஆனால் அது முதல் இரண்டிலும் இழப்பு, மூன்றாவதில் இழப்பே இல்லை. லித்தியம்-11க்குப் பிணைந்த கிளர்ச்சி நிலை கிடையாது என்பதால் அதற்கு முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே அமையும். ஆனால் எல்லா அணுக்கருக்களுக்கும் அப்படியென்று எழுதிவிடாதீர்கள்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல, செலவையும் தீர்மானிக்கிறது. இடைவினைக் குறுக்குவெட்டுக்கு இலக்குக்குப் பின்னாலும் நிறையை அடையாளம் காண வேண்டும், ஆகவே பின்னாலும் காந்தங்கள் வேண்டும். மின்னூட்டம் மாறும் குறுக்குவெட்டுக்கு இலக்கின் பின்னால் ஓர் அயனியாக்க அறை (மின்னூட்டத்தைக் காட்டும் வாயு உணர்கருவி) போதும். முதலாவது, புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து பரவியுள்ள பொருண்மை ஆரத்துக்கும் பின்னது புரோட்டான் ஆரத்துக்கும் இட்டுச் செல்கின்றன. நான் என் முதல் வரைவில் இவற்றைக் குழப்பி எழுதி, குழுவின் முதல் கூட்டத்திலேயே தலைகுனிய நேர்ந்தது.

2. நாட்டுக்குள் ஒரு முறை கற்றையைப் பார்த்துவிடுங்கள்

புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் பல்கலைக்கழகத்தாரிடம் கற்றை நேரத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே ஹைரா என்னும் பிரிப்பானைக் கொண்டு பெரிலியம்-7 கற்றையை உருவாக்குகிறார்கள். பெரிலியம்-7 நியூட்ரான் மிகுந்தது அல்ல, ஆற்றலும் மிகக் குறைவு. ஆயினும் இரண்டாம் நிலைக் கற்றை (முதன்மைக் கற்றை ஒரு பொருளில் மோதிப் பிறப்பிக்கும் கற்றை) என்றால் என்ன, அதில் வேண்டாதவை எப்படிக் கலந்து வரும், இரவு இரண்டு மணிக்குக் கற்றை நின்றுவிட்டால் யாரை எழுப்ப வேண்டும் என்பவற்றை வெளிநாட்டில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

3. எண்ணிக்கைக் கணக்குப் போடாமல் விண்ணப்பம் எழுதாதீர்கள்

விண்ணப்பக் குழு முதலில் பார்ப்பது எத்தனை ஷிஃப்ட் கேட்கிறீர்கள், ஏன் அத்தனை என்பதைத்தான். ஜி.எஸ்.ஐ.யில் ஒரு ஷிஃப்ட் என்பது எட்டு மணி நேரம். கணக்கு எளிது. மாறாமல் வந்தவற்றின் விகிதத்தை இலக்குடன் ஒரு முறையும் இலக்கு இல்லாமல் ஒரு முறையும் எடுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து, அதன் இயல் மடக்கையை, இலக்கின் ஒரு சதுர சென்டிமீட்டரில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் குறுக்குவெட்டு வரும்.

உதாரணமாக, சதுர சென்டிமீட்டருக்கு 4 கிராம் கார்பன் இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2க்குப் பின் 23 சுழிகள் கொண்ட எண்ணிக்கையில் அணுக்கள் இருக்கும். நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கு) 790 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கார்பன் மீது லித்தியம்-11இன் இடைவினைக் குறுக்குவெட்டு ஏறத்தாழ 1,040 மில்லிபார்ன் (குறுக்குவெட்டின் அலகு), லித்தியம்-9க்கு 796 மில்லிபார்ன். ஆகவே இந்த இலக்கில் லித்தியம்-11இல் ஏறத்தாழ 19 விழுக்காடும் லித்தியம்-9இல் 15 விழுக்காடும் இழக்கப்படும். குறுக்குவெட்டை 1 விழுக்காட்டுத் துல்லியத்தில் பெற, எண்ணிக்கைப் பிழையை மட்டும் பார்த்தால், சுமார் 53,000 லித்தியம்-11 அணுக்கருக்கள் இலக்கில் விழ வேண்டும். நொடிக்கு ஒன்று கிடைத்தால் அது 15 மணி நேரம், அதாவது இரண்டு ஷிஃப்ட். 5 விழுக்காடு போதுமென்றால் 2,100 அணுக்கருக்கள், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

நொடிக்கு எத்தனை கிடைக்கும் என்பதை லீஸ் ப்ளஸ் ப்ளஸ் என்னும் இலவச மென்பொருளில் மதிப்பிடலாம். அதன் விடையை அப்படியே நம்பாமல், அதே கூடத்தில் அதே முதன்மைக் கற்றையுடன் முன்னர் கிடைத்த விகிதத்தைக் குழுவிலுள்ள மூத்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் இங்கே மூன்றை மறக்கிறார்கள். ஒன்று, இலக்கு இல்லாத காலி ஓட்டம். இலக்கு இல்லாதபோதும் உணர்கருவிகளில் 2 விழுக்காடு இழப்பு இருப்பதாகக் கொண்டால், அதற்கும் ஏறத்தாழ 20,000 எண்ணிக்கை வேண்டும். இல்லையேல் அதன் பிழை உங்கள் விடையை விழுங்கிவிடும். இரண்டு, பறக்கும் நேரத்தை அளவுதிருத்தம் செய்ய முதன்மைக் கற்றையுடன் சில மணி நேரம். மூன்று, கார்பன்-12ஐக் கார்பன் மீது மோதவிட்டு, நியூக்ளியானுக்கு 950 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் 853 மில்லிபார்ன் என்னும் அறியப்பட்ட எண் வருகிறதா என்று பார்க்கும் சோதனை. இந்த மூன்றையும் விண்ணப்பத்தில் தனி வரிகளாகக் காட்டுங்கள்.

துல்லியத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் கார்பன்-22ஐக் காட்டுவேன். 2010இல் ஹைட்ரஜன் இலக்கில் கிடைத்த மதிப்பு 1,338 மில்லிபார்ன், பிழை 274. அதிலிருந்து வந்த ஆரம் 5.4 ஃபெம்டோமீட்டர், பிழை 0.9. 2016இல் கார்பன் இலக்கில் 1,280 மில்லிபார்ன், பிழை வெறும் 23, ஆரம் 3.44 ஃபெம்டோமீட்டர். இலக்கும் ஆற்றலும் வேறு என்பதால் குறுக்குவெட்டுகளை நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் இரண்டு ஆரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

4. இலக்கை எடை போடுவது சின்ன வேலை அல்ல

இலக்கின் தடிமனில் 1 விழுக்காடு பிழை என்றால் குறுக்குவெட்டிலும் அதே 1 விழுக்காடு பிழை. 53,000 எண்ணிக்கை சேர்க்கப் பட்டபாடு ஒரு தராசில் வீணாகிவிடும். பத்து சென்டிமீட்டர் சதுரக் கட்டி 400 கிராம் இருக்கும், தடிமன் சுமார் 2.2 சென்டிமீட்டர். எடையைப் பரப்பால் வகுத்தால் சராசரி மட்டுமே கிடைக்கும். கற்றை விழும் நடுப்பகுதியின் தடிமன் வேறாக இருக்கலாம் என்பதால், மைக்ரோமீட்டரால் கட்டம் கட்டமாக 25 இடங்களில் அளந்து குறித்து வையுங்கள்.

கிராஃபைட் நுண்துளைகள் கொண்டது, ஈரத்தை உறிஞ்சும். ஆடி மாதப் பனிமூட்டத்தில் எங்கள் ஆய்வறையில் நான் எடை போட்டபோது, தராசின் எண் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனது. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு நாள்களை அதைப் பழுதுபார்ப்பதில் கழித்தேன். கட்டியைச் சூட்டடுப்பில் உலர்த்தி, உலர்த்திக் கலத்தில் ஆற வைத்து, எடுத்தவுடன் எடை போடுங்கள். கற்றை முடிந்த பின் மறுபடியும் ஒரு முறை எடை போடுங்கள்.

என் யோசனை, இலக்கை இங்கே செய்துகொண்டு போகவே வேண்டாம், அங்கேயே செய்யச் சொல்லி நீங்கள் போய் அளந்துகொள்ளலாம் என்பது. அணு உலைத் தரக் கிராஃபைட், அதாவது போரான் மாசு மிகக் குறைவாகவும் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.50 கிராமுக்கு மேலாகவும் உள்ளது, உலக அளவில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் பொருள். உங்களுடையது அந்தத் தரமோ அந்த அளவோ இல்லாவிட்டாலும், கருத்த கட்டி ஒன்றைச் சுங்க மேசையில் வைத்து அதை விளக்கிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

5. மலையில் சோதித்த கருவி சமவெளியில் வேறாக நடக்கும்

இந்தப் பகுதியைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 775 ஹெக்டோபாஸ்கல். டார்ம்ஸ்டாட்டில் அது 1,000ஐ ஒட்டியிருக்கும். வளிமண்டல அழுத்தத்தில் வாயு ஓடும் அயனியாக்க அறையை இங்கே சரிசெய்து எடுத்துப்போனால், அங்கே வாயுவின் அடர்த்தி ஏறக்குறைய 30 விழுக்காடு கூடிவிடும். ஆற்றல் இழப்பும் கூடும், மின்னழுத்த அமைப்பும் மாறும். இங்கே எடுத்த அளவுதிருத்தத்தை அங்கே பயன்படுத்தவே கூடாது. மேலும் அழுத்தம் குறைந்த காற்றில் உயர் மின்னழுத்தம் எளிதில் பொறி பறக்கும் என்பதால், அங்கே ஒழுங்காக இயங்கக்கூடிய கருவியை இங்கே பழுது என்று தவறாக ஒதுக்கிவிடவும் வாய்ப்புண்டு.

மூடிய அறைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பர்லியாறு தாண்டி மேலேறும்போது சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொண்டே வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். இறங்கும்போது நடப்பது அதற்கு நேர்மாறு. உதகையில் வைத்து இறுக மூடிய அறையின் மெல்லிய மைலார் சன்னல் மேட்டுப்பாளையம் சேர்வதற்குள் உள்நோக்கி அழுந்தத் தொடங்கும். பத்து சென்டிமீட்டர் சதுரச் சன்னலின் மீது சுமார் 20 கிலோ எடை உட்கார்ந்ததற்கு அது சமம். என் முதல் சன்னல் அப்படித்தான் கிழிந்தது. அதைக் கிழித்தது மலைப்பாதைப் பேருந்தின் குலுங்கல் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். வாயு வால்வைத் திறந்து, தூசி வடிகட்டி பொருத்தி எடுத்துப் போங்கள். விமானத்துக்குள் அழுத்தம் ஏறத்தாழ உதகையின் அழுத்தத்துக்கே இறங்கும், தரையிறங்கியதும் மீண்டும் ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் சின்டிலேட்டர்களுக்கு மலை ஒரு வகையில் வசதி. கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் விழும், விண்கதிர்களால் பிறக்கும் காஸ்மிக் மியூவான் துகள்கள் இங்கே சற்று அதிகமாகவே விழுகின்றன. உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருப்பதற்கு உயரமும் ஒரு காரணம். மூன்று சின்டிலேட்டர் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூன்றும் ஒருசேர ஒளிரும் நிகழ்வுகளை மட்டும் பதிந்தால், காசு செலவில்லாமல் நேரத் துல்லியத்தையும் திறனையும் சோதித்துவிடலாம். மியூவான் ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக்கில் விடும் ஆற்றல் சுமார் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதே வேகத்தில் வரும் அணுக்கரு விடுவது மின்னூட்டத்தின் இருபடி மடங்கு: லித்தியம் 9, பெரிலியம் 16, போரான் 25, கார்பன் 36 மடங்கு. மியூவானுக்கு அழகாக அமைத்த மின்னழுத்தத்தில் கார்பன் வந்தால் குறிப்பலை உச்சியில் முட்டி நின்றுவிடும். இரண்டு அமைப்புகளையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் வாரங்களில் நீண்ட ஓட்டம் வைக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை.

6. ஆவணங்கள்: கற்றை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒன்பது மாதங்களுக்கு முன்: கடவுச்சீட்டு. நீலகிரி மாவட்டம் கோவை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கச் சீட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலில் 3,500. அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் கடவுச்சீட்டுக்கே தடையின்மைச் சான்று வேண்டுமென்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். துறைக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்து அதன் நகலை இணைத்தாலே போதும். ஆனால் பயணத்துக்கான துறை அனுமதி வேறு. அது இல்லாமல் கிளம்ப முடியாது. என் கோப்பு ஓர் அலுவலகத்தில் ஏழு வாரம் அசையாமல் கிடந்தது. அழைப்புக் கடிதத்தின் தமிழாக்கம் ஒன்றையும் இணைத்து நேரில் சென்று கொடுத்தபின்தான் நகர்ந்தது.

நம்மவர்களுக்கே உரிய பொறி ஒன்று உண்டு: முன்னெழுத்து. கடவுச்சீட்டில் முன்னெழுத்து விரிந்து தந்தை பெயராகும். குடும்பப் பெயர் என்னும் கட்டம் சிலருக்கு வெறுமையாகவே இருக்கும். அழைப்புக் கடிதம், காப்பீடு, விமானச் சீட்டு, முடுக்கிக்கூடத்தின் பயனர் பதிவு ஆகிய நான்கிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கெழுத்து இருக்க வேண்டும். எனக்கு வந்த முதல் அழைப்புக் கடிதத்தில் என் தந்தையார்தான் அழைக்கப்பட்டிருந்தார். திருத்தி வாங்க மூன்று வாரம் ஆனது.

ஆறு மாதங்களுக்கு முன்: ஷெங்கன் விசாவுக்கு இதற்கு முன் விண்ணப்பிக்க இயலாது; பயணத்துக்கு 15 நாள் இருக்கும் வரையே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில வேளை 45 நாள் வரை நீளும். கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். நான் சென்னையில் விண்ணப்பித்தேன். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டுமானால் உதகையிலிருந்து மாலை ஐந்துக்கு முன்பே இறங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து குன்னூர்ப் பாதை அடைபடும் என்பதால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். மே மாத நெரிசலிலும் அப்படியே.

மூன்று மாதங்களுக்கு முன்: கதிர்வீச்சுத் தாள்கள். எவை வேண்டும் என்று அந்தக் கூடத்தின் பாதுகாப்புப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுவாக மருத்துவத் தகுதிச் சான்று, இதுவரை பெற்ற கதிர்வீச்சு அளவின் பதிவு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை கேட்கப்படும். இங்கே உங்கள் பெயரில் கதிர்வீச்சு அளவைப் பதியும் டி.எல்.டி. பட்டை இல்லையென்றால் பதிவும் இருக்காது. பட்டை வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றப்படுவதால், கடைசி மாதத்தில் கேட்டுப் பயனில்லை.

செலவில், அனுமதிக்கப்பட்ட சோதனைக்குக் கற்றை இலவசம். விமானச் சீட்டும் தங்குமிடமும் உணவும் உங்கள் தலையில். எந்த நிதியிலிருந்து வரும் என்பதை விண்ணப்பம் ஏற்கப்பட்ட அன்றே குழுத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். கற்றை அட்டவணை தள்ளிப்போவது சாதாரணம். தேதி மாற்ற முடியாத மலிவுச் சீட்டு கடைசியில் மலிவாக இருப்பதில்லை.

7. கற்றை நாள்களில்

காலி ஓட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவைக்காதீர்கள். கடைசி ஷிஃப்டில் முடுக்கி நின்றுபோனால், இலக்குடன் எடுத்த தரவு முழுவதும் ஒப்பிட ஒன்றில்லாமல் போகும். நாங்கள் ஒவ்வோர் அணுக்கருவுக்கும் இலக்கு, காலி, மீண்டும் இலக்கு என்று மாற்றி மாற்றி எடுத்தோம். இலக்கை எடுத்தவுடன் அணுக்கருக்கள் வேகம் குறையாமல் வரும். பின்பகுதிக் காந்தங்களை அதற்கேற்ப மாற்ற வேண்டும். மாற்றியதை யார், எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு என்று பதிவேட்டில் கையால் எழுதுங்கள்.

இலக்குக்கு முன்னால் அணுக்கருவை அடையாளம் காணும் வாயிலை, அதாவது எதை ஏற்பது என்னும் வரம்பை, இறுக்கமாக வையுங்கள். இங்கே நல்லவற்றையும் சேர்த்து ஒதுக்கினால் எண்ணிக்கைதான் குறையும், விடை கெடாது. தவறான ஒன்றை உள்ளே விட்டால் அது பின்னால் காணாமற்போனதாகத் தோன்றும். இலக்குக்குப் பின்னால் இதற்கு எதிர்மாறு: வாயில் தாராளமாக இருக்க வேண்டும், ஏனெனில் அங்கே விடுபடும் ஒவ்வொன்றும் பொய் வினை. கற்றையின் ஓரத்தில் வருபவை காந்தச் சுவரில் முட்டி மறையக்கூடும் என்பதால், விழும் இடத்தின் எல்லையைப் படிப்படியாகச் சுருக்கி, விகிதம் மாறாமல் நிற்கும் எல்லையைக் கண்டுபிடியுங்கள். இதை அன்றே, கற்றை ஓடும்போதே செய்து பாருங்கள். ஊர் திரும்பிய பின் காந்தத்தைத் திருத்த முடியாது.

8. கருவியோடு திரும்பும்போது

கருவிகளைத் தற்காலிகமாக எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவர ஏ.டி.ஏ. கார்னெட் என்னும் சுங்கப் புத்தகம் உண்டு. இந்தியாவில் வணிக, தொழில் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது, அதிகபட்சம் ஓராண்டு செல்லும். பிணைத்தொகை அல்லது வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். கல்லூரியின் பெயரில் அதை வாங்க ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். பட்டியலில் ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும், கேபிள்களைக்கூட எண்ணி எழுதுங்கள்.

முத்திரைகள் நான்கு: இங்கிருந்து கிளம்பும்போது, அங்கே நுழையும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, இங்கே திரும்பும்போது. மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், ஏனெனில் அயலூர் விமான நிலையத்தில் பெட்டிகளைச் சரக்கில் போட்ட பிறகே சுங்க மேசை நினைவுக்கு வரும். பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சுங்க மேசைக்குப் போங்கள். சென்னையில் இறங்கியதும் மஞ்சள் தாளில் நான்காவது முத்திரையை வாங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, மூலப் புத்தகத்தை ஃபிக்கிக்குத் திருப்பி அனுப்பினால்தான் பிணைத்தொகை விடுபடும். மலையேறும் முன், வாயு அறையின் வால்வு திறந்திருக்கிறதா என்று மேட்டுப்பாளையத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.